பாரதியார் இல்லம், திருவல்லிக்கேணி: அரை நாளில் நிதானமாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருவல்லிக்கேணி பாரதியார் இல்லத்துக்குப் போய்வந்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "பத்து நிமிஷத்துல பார்த்து முடிச்சுட்டோம்." அவர்கள் சொல்வதில் தப்பில்லை. சுவரில் படங்கள், அலமாரியில் புத்தகங்கள், உட்கார்ந்து கூட்டம் கேட்க ஒரு கூடம். விறுவிறுவென்று நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பாரதி அந்த வீட்டில் குடியிருந்தது வாடகைக்கு. அதுவும் வாழ்வின் கடைசிக் கட்டத்தில். ஊர் ஊராக மாறி, பத்து வருஷம் புதுச்சேரியில் ஒதுங்கி, சிறைக்கும் போய்வந்த மனிதர் மேசை நாற்காலியா சேர்த்துவைத்திருப்பார்? அவர் விட்டுப்போனது எழுத்து. அப்புறம் தினமும் நடந்த தெருக்கள். எழுத்தைக் கொஞ்சம் வாசித்துக்கொண்டு போய், தெருக்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வீடு பேச ஆரம்பிக்கும். பல தடவை தனியாகவும், ஊரிலிருந்து வந்த உறவினர்களோடும் போயிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: முந்தின நாள் ஒரு மணி நேரம்

கவிதைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பள்ளிக்கூடத்திலேயே பாதி மனப்பாடம் ஆகியிருக்கும். இந்த வீட்டுக்குப் போகும் முன் தேவைப்படுவது அவருடைய உரைநடை. 1920இன் இறுதியில் சென்னைக்குத் திரும்பி, சுதேசமித்திரன் நாளிதழில் மறுபடி உதவி ஆசிரியராகச் சேர்ந்த பிறகு அவர் கட்டுரைகள் எழுதிக்கொண்டே இருந்தார். 1921 ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்த ஈரோட்டுப் பயணக் கட்டுரையை மட்டுமாவது தேடி வாசித்துவிடுங்கள். அது ஏன் முக்கியம் என்பதைக் கீழே யானையைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

இன்னொன்று, இளைய மகள் சகுந்தலா தன் அப்பாவைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்புகள். சின்னப் புத்தகம். திருவல்லிக்கேணி நாட்களை ஒரு பெண்குழந்தையின் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும். எந்தத் தேதியில் எதை எழுதினார் என்று துல்லியமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சீனி விசுவநாதன் காலவரிசைப்படி தொகுத்த 23 தொகுதிகள் இருக்கின்றன. ஒரு மனிதர் ஆயுள் முழுக்கச் செய்த உழைப்பு அது. நூலகத்தில் கடைசித் தொகுதிகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள், போதும்.

காலக்கணக்கையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 1882 டிசம்பர் 11, எட்டயபுரத்தில் பிறப்பு. 1904இல் சென்னைக்கு வந்து ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் வேலை. 1906இல் 'இந்தியா' வாரப் பத்திரிகை. 1908இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி. 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைது, கடலூர்ச் சிறை. விடுதலையாகிக் கடையம், பிறகு மறுபடி சென்னை. 1921 செப்டம்பரில் முடிவு. முப்பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. இதில் எனக்கு எப்போதும் மனதில் நிற்கும் ஒரு ஒற்றுமை, சுதேசமித்திரன் தொடங்கிய வருஷமும் 1882தான்.

இரண்டாம் படி: நாளும் வழியும்

முகவரி 83, துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. பார்த்தசாரதி கோயிலுக்கு மேற்குப் பக்கம். ஆட்டோக்காரரிடம் தெருப் பெயர் சொல்வதைவிட "பார்த்தசாரதி கோயில் பின்பக்கம், பாரதியார் வீடு" என்றால் சட்டென்று புரியும்.

பறக்கும் ரயிலில் வந்தால் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். மெட்ரோ என்றால் அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் நிலையம், அங்கிருந்து ஆட்டோ. காரைக் கொண்டுவராதீர்கள். மாட வீதிகள் குறுகலானவை. பூக்கடை, பால்வண்டி, தேர்நிலை, குறுக்கே படுத்திருக்கும் மாடு என்று வண்டியை நிறுத்த இடம் தேடியே காலைப் பொழுது போய்விடும். ஒரு தடவை நாங்கள் அப்படித்தான் முக்கால் மணி நேரம் சுற்றினோம். உள்ளே போனபோது பெரியவர்கள் களைத்துப்போயிருந்தார்கள்.

நினைவில்லத்துக்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை பராமரிக்கிறது. அரசு விடுமுறை நாளாக இல்லாத ஒரு வேலை நாளின் காலையைத் தேர்ந்தெடுங்கள். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், கோயிலையும் சேர்த்துப் பார்க்கக் காலைதான் தோது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வெயில் தாழ்ந்திருக்கும். சித்திரையில் போனால் தெருவில் நிற்கவே முடியாது, தெருவில் நிற்காவிட்டால் இந்த வழிகாட்டியில் பாதி வீண்.

மூன்றாம் படி: நேரே வீட்டுக்குள் போகாதீர்கள்

முதலில் தெருவின் பெயரைப் பாருங்கள். துளசிங்கப் பெருமாள் யார்? பார்த்தசாரதி கோயிலில் மூலவர் வேங்கடகிருஷ்ணன் கிழக்கு நோக்கி நிற்கிறார், மீசையோடு. அதே கோயிலுக்குள் நரசிம்மர் மேற்கு நோக்கி, தனிக் கொடிமரத்தோடு அமர்ந்திருக்கிறார். அவருக்குத் தெள்ளியசிங்கர் என்று பெயர். அந்தத் தெள்ளியசிங்கர் பேச்சுவழக்கில் துளசிங்கர் ஆகிவிட்டார். பாரதி குடியிருந்தது அவர் பார்வை விழும் பக்கத்தில்.

இந்தப் பேட்டையைப் பாரதி தற்செயலாக வந்து சேர்ந்த இடமாக நினைக்க வேண்டாம். 1904க்குப் பிந்தைய முதல் சென்னை வாழ்க்கையிலும் அவருடைய நண்பர் வட்டம் திருவல்லிக்கேணிதான். 'இந்தியா' பத்திரிகைக்குத் துணை நின்ற மண்டயம் குடும்பத்தினர் இங்கே இருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் கடற்கரை, அங்கே சுதேசிக் கூட்டங்கள். 1878இல் 'தி இந்து'வைத் தொடங்கிய ஆறு இளைஞர்களும் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அந்த ஆறு பேரில் ஒருவர்தான் பாரதியைச் சென்னைக்கு அழைத்துவந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். பத்திரிகையும் அரசியலும் பக்தியும் ஒரே தெருவில் புழங்கிய பேட்டை இது.

தெருவில் மெதுவாக ஒரு நடை போய் வாருங்கள். அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் சில பழைய வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தெருவோடு ஒட்டிய திண்ணை, அதில் வழவழப்பாகத் தேய்ந்த விளிம்பு, குறுக்கே மரக்கம்பி போட்ட சாளரம். ஒரு திண்ணையின் விளிம்பில் கையை வைத்துப் பாருங்கள். நூறு வருஷமாக ஆட்கள் உட்கார்ந்து எழுந்த இடம் குளிர்ந்து, உள்ளங்கை மாதிரிக் குழிந்திருக்கும். அவர் காலத்துத் தெரு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நான்காம் படி: வீட்டுக்குள்

இந்த வீட்டை அரசு வாங்கி, புதுப்பித்து, நினைவில்லமாகத் திறந்தது 1993இல். பாரதி இறந்து 72 ஆண்டுகள் கழித்து. அதனால் உள்ளே நுழைந்ததும் "அவர் தொட்ட கதவு எது, படுத்த கட்டில் எது?" என்று தேட வேண்டாம். தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் புகைப்படங்கள். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாரதி உயிரோடிருந்தபோது எடுத்தவையாக நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்தாறு படங்கள்தான். நாம் காலண்டரிலும் பள்ளிச் சுவரிலும் பார்க்கிற கூர்மீசை, வெள்ளை முண்டாசு, கறுப்புக் கோட்டு முகம் ஓவியர்கள் தீட்டித் தீட்டி நிலைத்த முகம். அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு, 1919இல் காரைக்குடியில் கையில் தடியோடு எடுத்துக்கொண்ட படத்துக்குத் திரும்புங்கள். கன்னம் ஒட்டியிருக்கும். கோட்டு உடம்புக்குத் தளர்வாகத் தொங்கும். கண் மட்டும் ஓவியத்தில் இருப்பதைவிடக் கூர்மை. பாட்டுப் பாடும் மேடைப் பாரதியை மறந்து, இந்த மெலிந்த மனிதரை மனதில் வாங்கிக்கொண்டால்தான் இந்த வீட்டில் நடந்தது புரியும். நான் எப்போது போனாலும் நேரத்தில் பாதி இந்தப் படங்களுக்கே சரியாகிவிடும்.

அடுத்து கையெழுத்து. அவர் கைப்பட எழுதிய பக்கங்களின் பிரதிகளை எங்கே பார்த்தாலும் நின்று எழுத்துக்கூட்டி வாசியுங்கள். அச்சில் ஆயிரம் முறை பார்த்த வரியைக்கூட அவர் கையெழுத்தில் வாசிக்கும்போது வேகம் தெரியும், எங்கே பேனா நின்றது என்று தெரியும். குழந்தைகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். "இந்த ணை எழுத்து ஏன் யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கு?" என்று ஒரு சிறுமி பக்கத்தில் கேட்டாள். பழைய எழுத்து வடிவத்தைப் பற்றி அவள் தாத்தா அங்கேயே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். அந்த நகல் முன்னால் அவர்கள் கால் மணி நேரம் நின்றார்கள்.

புத்தகப் பகுதியை மேலோட்டமாகப் பார்த்தால் போதும், ஆய்வுக்கு வந்தவர்கள் மட்டும் உட்காரலாம். படம் எடுக்கும் முன் அங்கே இருக்கும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூடத்தில் இலக்கியக் கூட்டமோ பாட்டோ நடந்துகொண்டிருந்தால், அன்று உங்களுக்கு அதிர்ஷ்டம். பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். அந்த வீடு மிக நன்றாக இருப்பது யாராவது சத்தமாகப் பாரதியை வாசிக்கும்போதுதான்.

ஐந்தாம் படி: யானையைப் பற்றித் தெளிவு

அக்கா மகனை முதல் தடவை அழைத்துப்போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "யானை மிதிச்சுத்தானே மாமா செத்துப்போனாரு?" பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். அவனை மட்டும் சொல்வானேன், படித்த பெரியவர்களே இதைத்தான் நம்புகிறார்கள். எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம். ஒரு மனிதரின் கடைசி மாதங்களை ஒரே வரியில் யானையின் காலடியில் போட்டுவிடுகிறோம்.

நடந்தது இது. பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பாரதி வழக்கமாகப் பழமும் தேங்காயும் கொடுப்பார். ஒருநாள் அப்படிக் கொடுக்கப்போனபோது யானை தள்ளிவிட்டது. கீழே விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கியவர் குவளைக் கண்ணன் என்கிற கிருஷ்ணமாச்சாரியார், புதுச்சேரி நாட்களிலிருந்தே நண்பர். மேலுதட்டில் காயம் பட்டதையும், முண்டாசு இருந்ததால் தலை தப்பியதையும் சகுந்தலா எழுதியிருக்கிறார். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தேறி வீடு திரும்பினார். அலுவலகத்துக்கும் போனார். எழுதினார்.

இப்போது அந்த ஈரோட்டுக் கட்டுரைக்கு வாருங்கள். 1921 ஜூலை 31 அன்று ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலை விழாவில் அவர் பேசினார். தலைப்பு, 'மனிதனுக்கு மரணமில்லை'. ரயிலேறிப் போய், மேடையில் நின்று பேசி, திரும்பி வந்து அந்தப் பயணத்தைப் பத்திரிகையிலும் எழுதிய மனிதர் யானைக் காயத்தால் படுத்த படுக்கையாக இருந்தவர் அல்ல. அவரைக் கொண்டுபோனது அதன் பிறகு வந்த வயிற்றுக்கடுப்பு. ஏற்கெனவே தேய்ந்திருந்த உடம்பு தாங்கவில்லை. அதிர்ச்சி அவரைப் பலவீனப்படுத்தியிருக்கலாம், அது வேறு.

குழந்தைகளோடு போனால் இந்தக் கதையை வீட்டுக்குள் சொல்லாதீர்கள். வெளியே வந்து, மாட வீதி வழியாகக் கோயிலைச் சுற்றிக் கிழக்கு வாசலுக்கு வந்து, குளத்தைப் பார்த்தபடி சொல்லுங்கள். அல்லிகள் பூத்த கேணியால்தான் ஊருக்கே அல்லிக்கேணி என்று பெயர் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். வீட்டிலிருந்து கோயில் வாசல் எவ்வளவு பக்கம் என்று நடந்து பார்த்தவனுக்கு, பழத்தோடு தினமும் போய்வந்த மனிதரும் தெரிவார், ஓடிவந்த நண்பரும் தெரிவார். என் அக்கா மகன் அன்று கேட்ட அடுத்த கேள்வி, "அப்ப அந்த ஃப்ரெண்டுக்குப் பயமா இல்லையா மாமா?" என்பது.

கோயிலுக்குள் போகிறவர்கள் போங்கள். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கும் பழங்கோயில். உற்சவர் முகத்தில் இருக்கும் தழும்புகள் பீஷ்மரின் அம்புபட்டவை என்பது ஐதீகம். வெளியே வந்ததும் பசித்தால் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபே இருக்கிறது. சாம்பாரில் மூழ்கிய இட்லிக்குக் கூட்டம் நிற்கும், நின்று சாப்பிடலாம்.

ஆறாம் படி: கடைசி இரவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை வீட்டுக்குள், கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு ஓரமாக நின்று நினைத்துப்பாருங்கள். 1921 செப்டம்பர் 11 இரவு. கூட இருந்த நண்பர்களில் பரலி சு. நெல்லையப்பரும் நீலகண்ட பிரம்மச்சாரியும் உண்டு. மருந்து சாப்பிட மறுத்தார். மறுநாள் அலுவலகத்துக்குப் போக வேண்டும், ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கானைப் பற்றி ஒரு வியாசம் எழுத வேண்டும் என்று சொன்னாராம். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவாக்கில் உயிர் பிரிந்தது. அதனால்தான் சிலர் நினைவு நாளை 12 என்று குறிக்கிறார்கள். தமிழ்நாடு அரசு மறைவு நூற்றாண்டின்போது 'மகாகவி நாள்' என்று அறிவித்தது செப்டம்பர் 11ஐ.

காலையில் கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். கூட நடந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. சிலர் இந்த மயானத்தையும் நடையில் சேர்த்துக்கொள்கிறார்கள். நான் சேர்ப்பதில்லை. அது இன்றும் நம்மவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கொண்டுவரும் இடம். அங்கே வேடிக்கை பார்ப்பது முறையாகாது. அந்தத் திசையைக் காட்டிச் சொன்னாலே போதும்.

அப்புறம் நடந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். செல்லம்மா பாரதி பெண்களை வைத்துக்கொண்டு, கணவரின் பாடல்களை அச்சில் கொண்டுவரத் தாமே முயன்றார். 1922இலேயே தேசப் பாடல்கள் புத்தகமாக வந்தன. பின்னாளில் உரிமை பல கைகள் மாறி, 1949இல் சென்னை மாகாண அரசு அதைப் பெற்று, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. இன்று நாம் யாரையும் கேட்காமல் பாடுகிறோமே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

ஏழாம் படி: கடற்கரை வரை

மாலை வரை நேரம் இருப்பவர்கள் பாரதி சாலை வழியாகக் கடற்கரைக்குப் போகலாம். பழைய பைகிராப்ட்ஸ் சாலைதான் இது, வயதானவர்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன சாலை. கடற்கரைச் சாலையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்த சிலைகளில் பாரதியும் நிற்கிறார். சிலையின் முண்டாசைப் பார்த்துவிட்டு, காலையில் பார்த்த காரைக்குடிப் படத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால், டிசம்பர் 11 போங்கள். வானவில் பண்பாட்டு மையம் பல ஆண்டுகளாக அந்நாளையொட்டி ஜதிப் பல்லக்கு எடுக்கிறது. பாரதியின் சிலையைப் பல்லக்கில் வைத்து, பார்த்தசாரதி கோயில் பக்கமிருந்து பாட்டும் ஜதியுமாக இந்த வீட்டுக்குச் சுமந்துவருவார்கள். 1919இல் எட்டயபுரம் மன்னருக்குப் பாட்டாகவே எழுதிய கடிதமான சீட்டுக்கவியில் பாரதி பரிசாகக் கேட்டவற்றில் ஜதிப் பல்லக்கும் ஒன்று. மன்னரிடமிருந்து வரவில்லை. இப்போது அந்தக் குறுகலான தெருவில் பல்லக்கு நுழையும்போது, இருபுறமும் மாடியில் நிற்கும் பெண்கள் பூவை உதிர்ப்பார்கள், தெருவிலிருப்பவர்கள் தோள் கொடுக்க முண்டுவார்கள். கூட்டம் நெருக்கும், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வந்து, வீட்டுக்கு எதிர்ப்புறம் ஏதாவது ஒரு படிக்கட்டில் இடம் பிடித்துவிட்டால், பல்லக்கு வாசலில் இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.